குளத்தை மூடா

போராட்டம் என்றால் நல்ல தொண்டை வேண்டும் என்றுதான் தையலக்கா அதுவரை நினைத்திருந்தாள். தமிழய்யா நடத்துகிற போராட்டத்துக்குத் தொண்டை தேவையில்லை, டம்ளர் இருந்தால் போதும்.

“அவரவர் டம்ளரை அவரவர் கொண்டுவரணும். காகிதக் கோப்பையில டீ குடிச்சுக்கிட்டு இயற்கையைக் காப்பாத்துன்னு சொன்னா, இயற்கையே சிரிச்சிடும்” என்றார் அவர். குளக்கரையில் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. தமிழய்யா பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எத்தனை வயதானாலும் அவர் கண்ணுக்கு எல்லாரும் கடைசி பெஞ்சுதான்.

விஷயம் இதுதான். அந்தக் குளத்தைத் தூர்த்து வண்டி நிறுத்துமிடமாக்க நகராட்சி முடிவு பண்ணியிருந்தது. திங்கட்கிழமை ஆணையர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுநாளே லாரியில் மண் வந்து இறங்கும். அதற்குள் ஆணையர் அலுவலக வாசலில் நின்று எதிர்ப்பைக் காட்டவேண்டும். காட்டுகிற எதிர்ப்பு காற்றையும் நீரையும் கெடுக்காததாக இருக்கவேண்டும். முதலாவதைப் பேசி முடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. இரண்டாவதற்குத்தான் சாயங்காலம் முழுக்கப் போனது.

காரும் பைக்கும் கூடாது, நடந்தோ சைக்கிளிலோ பஸ்ஸிலோதான் வரவேண்டும். ஃப்ளெக்ஸ் பேனர் பேச்சுக்கே இடமில்லை. பெயின்ட் விஷம். மைக்குக்கு பேட்டரி வேண்டும், பேட்டரி அதைவிட விஷம். கடைசியில் தமிழய்யா கண்ணை மூடித் திறந்து, “கோஷமும் வேண்டாம்னு படுது. சத்தமும் ஒரு மாசுதானே” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வாயையும் திறக்கக்கூடாது என்றால் எதற்குப் போகிறோம் என்று கேட்கத் தையலக்காவுக்கு நாக்கு துருதுருத்தது. கேட்கவில்லை. வாய்க்குப் பேர்போனவள் வாயடைத்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கூட்டத்தில் மாடிவீட்டுக்காரர் அல்லாத ஒரே ஆள் அவள்தான். இத்தனை வருஷமாகப் பழைய துணியைச் சுருக்கவும் ஜிப் மாற்றவும் மட்டுமே அவளைக் கூப்பிட்டவர்கள், இன்றைக்குத்தான் முதல்முறையாக நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அந்த நாற்காலி அவளுக்குப் பிடித்திருந்தது. அதை ஒளிப்பானேன்?

ஆனால் குளம் அவளுக்கு வேண்டிய அளவு அங்கே வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குக் குளம் என்பது காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தண்ணீர், இரண்டு கொக்கு. அவளுக்கு அது வீடு. குளத்துக்குக் கீழண்டைத் தெருவில் கடைசி வீடு அவளுடையது. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடித்தனம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க ஓடிவந்து, அவள் வாசற்படிக்கு முன்னால் ஒரு திரும்பு திரும்பிக் குளத்தில் விழும். ஒரு தடவை யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டி அந்த வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். அன்றைக்குத் தண்ணீர் திரும்பாமல் நேராக உள்ளே வந்தது. கட்டிலின்மேல் மெஷினைத் தூக்கிவைத்துவிட்டு அவளும் புருஷனும் விடிய விடிய நின்றார்கள். குளமே போய்விட்டால் நிற்கக்கூட முடியாது, வீட்டையே விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும், அவள் புருஷனுக்குத் தெரியும். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

கோஷம் இல்லை என்று ஆனபின் எழுத்துதான் கதி. ‘குளத்தை மூடாதே’ என்பது வாசகம். கடையில் தூக்கிப்போடுகிற அட்டைப்பெட்டியை வெட்டி, ஆளுக்கு ஓர் எழுத்து, அதுவும் அடுப்புக்கரியைக் குழைத்து எழுதியது. ஏழு எழுத்து, ஏழு பேர். ‘கு’வைத் தமிழய்யா தானே எடுத்துக்கொண்டார், முதல் எழுத்தாயிற்றே. ‘த்’தை வாங்க ஆள் இல்லை. தனியாக நின்றால் உச்சரிக்கக்கூட முடியாத எழுத்து என்று அதைக் கல்யாணமாகாத வங்கிக்காரர் தலையில் கட்டினார்கள். இரண்டாவது மாடிப் பல் டாக்டரம்மா, “டாக்டருக்கு ‘டா’தான் பொருத்தம்” என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். மிஞ்சியது ‘தே’. அது தையலக்காவுக்கு வந்தது.

“கடைசி எழுத்துன்னு நினைக்காதீங்கம்மா. வாக்கியத்துக்கு உயிரே அதுதான்” என்றார் தமிழய்யா.

வாத்தியார் பேச்சு என்று அவள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கரியைத் தொட்டுப் பார்த்தாள், கையெல்லாம் அப்பியது. தையற்காரி கையில் கரி ஆகுமா? சீருடை தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியில் ‘தே’ வெட்டி, கோணி ஊசியால் அட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். ஓரத்துக்கு இரட்டைத் தையல்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா உன்னைத் தனியா பார்க்கிறவங்க, யாரைத் தேடுறேன்னு கேக்கப்போறாங்க” என்றான் புருஷன்.

அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். சொந்த டாக்ஸி, பழசு, டீசல். கிளம்பும்போது அது விடுகிற புகையில் தெருவே கொஞ்ச நேரம் காணாமல் போகும். கூட்டத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து தையலக்கா அந்தப் புகையைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் புகையில்தான் அரிசி வந்தது, மெஷின் வந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் டாக்டரம்மா ஒருநாள் அந்தப் பக்கம் நடந்துபோகையில் முந்தானையால் மூக்கைப் பொத்தியதை அவள் பார்த்துவிட்டாள். பார்த்தது மனசில் தங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அவள் பஸ் நிறுத்தத்துக்கு நேரத்தோடுதான் போனாள். கையில் ‘தே’, பையில் டம்ளர். முதல் பஸ் நிற்காமல் போனது. இரண்டாவது நின்றது, ஆனால் படியில் தொங்கியவர்களே இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று பயந்து நின்றார்கள். மூன்றாவதில் கண்டக்டர் அட்டையைப் பார்த்து, “அது உள்ள வராதும்மா. நீ வா, அதை விடு” என்றார். அதை விட்டுவிட்டு அவள் மட்டும் போய் என்ன செய்வது?

நடந்தால் ஆணையர் கையெழுத்துப் போட்டு, மை காய்ந்து, வீட்டுக்கே போயிருப்பார். அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் காலைச் சவாரி முடித்துவிட்டுப் புருஷன் வந்தான். டாக்ஸியை ஓரங்கட்டி, “ஏறு” என்றான்.

“வேண்டாங்க. பஸ்ல வரேன்னு சொல்லியிருக்கேன்.”

“பஸ்ஸுக்கு அது தெரியலையே. ஏறு.”

ஏறினாள். அலுவலகம் நெருங்குகையில், “அந்த எதிர்ப்பக்கச் சந்துல இறக்கி விட்டுடுங்க” என்றாள்.

“எதுக்கு? வாசல்லயே விடறேன்.”

“இல்ல, சந்துலயே விடுங்க. அங்கேருந்து நடந்துக்கறேன். எல்லாரும் நிப்பாங்க... புகை...”

அவன் கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். “சரி” என்றான். அந்தச் ‘சரி’யை அவன் சவாரிக்காரர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னதில் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் சந்து வந்துவிட்டது.

சந்துக்குள் டாக்ஸி பாதிக்குமேல் போகவில்லை. போக வழியில்லை. இரண்டு பக்கமும் கார். ஒரு காரின் பின்கண்ணாடியில் ‘பூமி நம் தாய்’ என்று ஒட்டியிருந்தது. தையலக்காவுக்கு அந்தக் காரைத் தெரியும். அதன் இருக்கைக்கு உறை தைத்தவளே அவள்தான், டாக்டரம்மா வீட்டுக் கார் அது. பக்கத்தில் வங்கிக்காரருடைய பைக். அதற்குப் பின்னால் தமிழய்யா மகனுடைய கார், உள்ளே ஒரு சைக்கிள் படுத்திருந்தது. சந்துவரை காரில் சைக்கிளைக் கொண்டுவந்து, காரிலிருந்து சைக்கிளை இறக்கி, சைக்கிளில் போராட்டத்துக்குப் போவதாகத் திட்டம் இருந்து, கடைசியில் சைக்கிளை இறக்கச் சோம்பல்பட்டு நடந்தே போயிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இப்படித்தான், அதுவும் ஏழு பூசணிக்காயை ஒரே சோற்றில்.

“உன் ஆளுங்க எல்லாரும் பஸ்லதான் வந்திருக்காங்க போல” என்றான் அவன். சிரிக்கவில்லை.

எதிரில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னால் இன்னொரு வண்டி. டாக்ஸி முன்னேயும் போகமுடியாமல் பின்னேயும் போகமுடியாமல் மாட்டிக்கொண்டது. அட்டை கதவில் சிக்கியது. அதைக் கிழிக்காமல் எடுத்துக்கொண்டு, கார்களுக்கு நடுவே உடம்பைச் சுருக்கிச் சுருக்கி அவள் வெளியே வந்து, சந்து முனைக்கு ஓடினாள். வாசலிலேயே இறங்கியிருந்தால் எப்போதோ வரிசையில் நின்றிருப்பாள். இது அவளுக்கு ஓடும்போதே தெரிந்தது.

முனையிலிருந்து பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அலுவலக வாசல். ஆறு பேர் வரிசையாக, வாயைத் திறக்காமல், அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஆணையருடைய கார் வந்து நின்றிருந்தது. ஆணையர் இறங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துக்கொண்டிருந்தார். தையலக்காவும் படித்தாள்.

குளத்தை மூடா.

‘தே’யைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டப் பார்த்தாள், வண்டிகள் விட்டபாடில்லை.

ஆணையர் வாசகத்தை இரண்டாம் தடவை படித்தார். “யாரு மூடன்?” என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. மெதுவாகப் பேசுகிற அதிகாரியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். “நான் இன்னும் கையெழுத்தே போடல. அதுக்குள்ள என்னை மூடான்னு அட்டையில எழுதி, என் ஆபீஸ் வாசல்லயே நிக்கிறீங்களா?”

ஆறு பேரும் குனிந்து தங்கள் எழுத்தைப் பார்த்தார்கள். அவரவர் எழுத்து அவரவருக்குச் சரியாகத்தான் தெரிந்தது. மௌனப் போராட்டமானதால் யாருக்கும் பேசலாமா கூடாதா என்று புரியவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கினார். வாசற்காவலர் இரண்டு பேர் பக்கத்தில் வந்தார்கள். டாக்டரம்மா தன்னுடைய ‘டா’வை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அப்போது மிஞ்சியது ‘குளத்தை மூ’, அதில் மரியாதை இன்னும் குறைச்சல். உடனே திரும்ப எடுத்து முன்னால் பிடித்தாள்.

அப்போதுதான் தமிழய்யா பேசினார். ஓய்வுபெற்று இத்தனை வருஷம் கழித்து அவருக்கு ஒரு வகுப்பு கிடைத்திருந்தது. அதை விடுவாரா?

“ஐயா தப்பா நினைக்கக்கூடாது. அது விளி இல்லீங்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாடா மலர்னா வாடாத மலர். பொய்யா மொழின்னா பொய்க்காத மொழி. மூடான்னா மூடாத. குளத்தை மூடா... யாரு? அந்தப் பெயர் வந்து முடிஞ்சாத்தான் வாக்கியம் முடியும். அந்தப் பெயருக்காகத்தான் பக்கத்துல இடம் விட்டு நிக்கிறோம். குளத்தை மூடா ஆணையர். நீங்கதான் ஐயா அந்தப் பெயர்.”

ஆணையர் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில் அடிவாங்கியிருக்கவேண்டும். முகம் மெல்ல இளகியது. டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தையலக்கா ரோட்டைத் தாண்டி வந்து சேர்ந்த நேரம் அதுதான். மூச்சு இரைக்க, கையில் சிவப்பாக ‘தே’. காலியாக இருந்த இடம் அவளுடையது. நான்கு அடி எடுத்து வைத்தால் போதும். தமிழய்யா அவளைப் பார்த்தார். கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். டாக்டரம்மா உதட்டைக் கடித்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, அட்டையைக் கீழே இறக்கும்படி விரலால் சைகை காட்டினாள். வகுப்பில் பதில் தெரிந்தும் கையைத் தூக்காதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் அவள் அட்டையை இறக்கினாள். திருப்பி, எழுத்து உடம்போடு ஒட்டும்படி அணைத்துக்கொண்டு, கும்பலுக்குப் பின்னால் போய் நின்றாள். வீடு பிழைத்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் இடத்தில் ஆணையர் நின்றார். கேமரா பளிச்சிட்டது. “நான் இருக்கிறவரைக்கும் குளத்தை மூடமாட்டேன்” என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். சத்தம் மாசு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை. பிறகு அவரவர் டம்ளரில் டீ குடித்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ஆறு பேர், ஆறு எழுத்து, ஏழாவதாக ஆணையர். தமிழய்யாவின் இலக்கணம் ஊரெல்லாம் பேச்சாயிற்று. ஒரு பெயரெச்சம் ஒரு குளத்தைக் காப்பாற்றியது என்று டாக்டரம்மா வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொன்னாள், வாயைத் திறந்துவைத்திருந்ததால் அவர்களும் மறுக்கவில்லை.

“எங்க உன் எழுத்து? படத்துல காணோமே” என்றான் புருஷன்.

“தேவைப்படல.”

அவன் பத்திரிகையை மடித்துவைத்தான். “ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குச் சந்துல இறக்கச் சொன்னியே. மறைச்சது வண்டியையா, என்னையா?”

அவள் மெஷினில் நூல் கோக்கிறமாதிரி ஊசிக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். ‘தே’ அட்டையைத் துணி அலமாரியின் மேல் தூக்கிப்போட்டாள்.

குளத்தை யாரும் மூடவில்லை. அழகுபடுத்தத்தான் தொடங்கினார்கள்.

சங்கமே கேட்டதுதான். படத்துக்கப்புறம் ஆணையருக்கும் சங்கத்துக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். ‘குளத்தை மூடா ஆணையர்’ என்று அவரை எல்லாரும் அழைக்க, அவரும் எள் என்றால் எண்ணெயாக நின்றார். கார் இல்லாத வாழ்க்கைக்கு நடைப்பயிற்சி முக்கியம், நடைப்பயிற்சிக்கு நடைபாதை முக்கியம் என்று தமிழய்யா மனு கொடுத்தார். குளத்தைச் சுற்றிக் கரையில் நடைபாதை போட இடம் பற்றவில்லை. அதனால் குளத்துக்குள் கொஞ்சம் மண் போட்டார்கள். நடப்பவர்கள் உட்கார பெஞ்சு வேண்டுமே, இன்னும் கொஞ்சம் மண். நடக்க வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்? அதற்குக் கீழண்டைப் பக்கமாக இன்னும் கொஞ்சம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள். இங்கே மடத்தையே சங்கம்தான் தட்டில் வைத்து நீட்டியது. நடுவில் மிச்சம் இருந்த தண்ணீரில் கொக்கு நின்றால் கால் நனையும், அவ்வளவுதான். வாய்க்கால் இருந்த இடத்தில் சிமென்ட் வந்துவிட்டது.

தையலக்கா தமிழய்யாவிடம் போய்ச் சொன்னாள். “ஐயா, தண்ணி போற வழிய அடைச்சிட்டாங்க.”

“மூடறது வேற, சுருக்கறது வேற அம்மா” என்றார் அவர். “நாம சொன்னது மூடாதேன்னுதான். சுருக்காதேன்னு சொல்லலையே. திறப்பு விழா முடியட்டும், பக்குவமா எடுத்துச் சொல்லலாம். இப்போ போய் ஆணையர் மனசு நோகக்கூடாது.”

மழை விழாவுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு சாயங்காலம் பிடித்துப் பெய்தது. தெருத் தண்ணீர் வழக்கம்போல ஓடிவந்து, வாசற்படிக்கு முன்னால் வந்து, வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் சிமென்டை முட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடை முழுக்க மிதந்தது. மெஷின் மிதி தண்ணீருக்குள் போனது, பிறகு மோட்டார் போனது. அவனும் அவளும் வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள். ஊற்றியது ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்வார்கள். முழங்காலில் நிற்கும்போது ஒவ்வொரு சாணும் தெரியும்.

“இப்படியே இன்னொரு மழை வந்தா வீட்டை விட்டுடலாம்” என்றான் அவன். அவன் வாயிலிருந்து அது வந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள். அழுதுகொண்டே அள்ளினாள். அலமாரியின் மேல் ‘தே’ மட்டும் நனையாமல் இருந்தது.

தண்ணீர் வடிந்து, தரையிலிருந்த சேற்றை அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது செல்போனில் தமிழய்யாவின் குரல் வந்தது. எல்லாருக்கும் அனுப்புகிற செய்தி. ஞாயிற்றுக்கிழமை நடைபாதைத் திறப்பு விழா. வெற்றிப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைக்கிறோம், ஃப்ளெக்ஸில் அல்ல, துணியில். அனைவரும் நடந்தோ சைக்கிளிலோ வரவும். டம்ளர் மறக்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டினாள். அலமாரி மேலிருந்து அட்டையை எடுத்துத் தூசி தட்டினாள். சிவப்பு மங்கவில்லை, தையல் ஒன்று விடவில்லை. வாசலில் டாக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம், “சவாரி வருமா?” என்றாள்.

“எங்க?”

“குளத்துக்கு.”

“பக்கத்துல இருக்கிற குளத்துக்கு டாக்ஸியா? நடந்தாலே போயிடலாமே.”

“நடந்துதான் வரணும்னு சொல்லியிருக்காங்க. அதான்.”

அவன் துணியை உதறித் தோளில் போட்டான். அவள் பின்னால் உட்காரவில்லை, முன்கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எந்தச் சந்துல இறக்கணும்?” என்று கேட்டான்.

“நேரா வாசல்லயே நிறுத்துங்க. அவங்க மூஞ்சிக்கு முன்னால. நீங்களும் இறங்கி நில்லுங்க. யார் கேட்டாலும் என் வீட்டுக்காரர்னு நான் சொல்றேன்.”

அவன் வண்டியைக் கிளப்பினான். தெரு கொஞ்ச நேரம் காணாமல் போனது.

விழாப் பந்தலில் ஆணையர் ரிப்பனுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் துணியில் அச்சிட்ட அந்தப் படம், நிஜ ஆள் உயரம். ஆறு பேர், ஆறு எழுத்து, ஏழாவது இடத்தில் ஆணையர். அசல் ஆறு பேரும் முதல் வரிசையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்ஸி கரகரவென்று வந்து, ரிப்பனுக்குப் பக்கத்திலேயே நின்று, புகையை விட்டது. டாக்டரம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

தையலக்கா இறங்கினாள். கதவை அறைந்து சாத்தினாள். ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனப் போராட்டம் என்று சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தானே. நேராகப் படத்துக்குப் போய், படத்தில் ஆணையர் நிற்கிற இடத்தில், அவரை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றாள். தன் இடத்தில் நின்றாள். ‘தே’யை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

பந்தல் முழுக்க ஒருமுறை வாசித்தது. இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் உதடும் அசைந்தது. கத்தரிக்கோலைப் பிடித்திருந்த ஆணையரும் திரும்பிப் பார்த்து வாசித்தார். வாசித்துவிட்டு, அந்த எழுத்துக்கு மேலே சேறு இன்னும் போகாத அவள் நகங்களைப் பார்த்தார். வேறு எங்கேயாவது பார்க்கலாமா என்று பார்த்தார். எதிரே குளம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் நடைபாதை இருந்தது.

அன்றைக்கு வந்த அதே பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கி இரண்டு படம் எடுத்தார். பிறகு முதல் வரிசைக்குக் குனிந்து, “ஐயா, இதுக்கு என்ன இலக்கணம்?” என்று கேட்டார்.

தமிழய்யா டம்ளரைக் கீழே வைத்தார். வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று அவர் மனசுக்குள் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த வாய் பொய் சொல்லவில்லை.

“எதிர்மறை ஏவல்” என்றார். “வேற பொருள் கிடையாது.”